மீன்தானே என்றவர்கள்

என் கணவர் ஓய்வுபெறப் போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்று ஆனதும், வீட்டுக்கு வந்துபோன எல்லோரும் ஹாலில் இருந்த தொட்டியைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இதை என்ன பண்ணப் போறீங்க?" கூடவே கொண்டுபோகப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "மீன்தானே. அங்க போய் வேற வாங்கிக்கலாமே."

கதவு சரியாகச் சாத்தாத பீரோவை ஏன் கொண்டுபோகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஓடாத ஸ்கூட்டரை லாரியில் ஏற்றியபோதும் கேட்கவில்லை. மூச்சுவிடுகிற ஜீவன்களைக் கொண்டுபோவதுதான் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தத் 'தானே'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் அந்த நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். நான் படித்ததும் அங்கே, டீச்சராக வேலை பார்த்ததும் அங்கே, கல்யாணம் செய்துகொண்ட மனிதரும் அங்கே ஷிஃப்ட் பார்த்தவர். அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. வேலையில் இருந்தபோதே அங்கே வீடு கட்டிப் போட்டுவிட்டார். ஓய்வுபெற்றதும் அங்கேதான் போகிறோம் என்பது எப்போது முடிவானது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

தொட்டி என்னுடையது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு ஆரம்பித்தேன். முதலில் சாதாரண நல்ல தண்ணீர் மீன்கள்தான். பிறகு கடல்மீன் ஆசை பிடித்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டி என்பது கைக்குழந்தை மாதிரி. தண்ணீரின் சூடு, உப்பின் அளவு, வெளிச்சம் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது என்பதால்தான் அந்தத் துணிச்சலே எனக்கு வந்தது. மூடியின் மேல் தினமும் படிகிற கரித்தூளைத் துடைப்பதுதான் பெரிய தொல்லை.

சென்னையிலிருந்து ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். பிறகு ஒரு மஞ்சள் மீன், உள்ளங்கை அகலம், எலுமிச்சைப்பழத்துக்குக் கண் வைத்தது போல இருக்கும். சாப்பாடு போடும் நேரத்துக்கு முன்பே கண்ணாடி ஓரம் வந்து நின்று என்னை முறைக்கும். புதுச்சேரியில் ஒருவர் தன் தொட்டியில் வளர்த்த மென்பவளத்திலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். என் தொட்டியில் அது ஒரு காலிஃபிளவர் அளவுக்கு வளர்ந்திருந்தது. பவளம் என்றால் கல் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிர். வெளிச்சம் வந்ததும் விரல் விரலாக விரியும், தொட்டால் சுருங்கும், கோபம் வந்தால் பல நாள் மூடிக்கொண்டு கிடக்கும். எங்கள் வீட்டில் அந்த விஷயத்தில் அதற்கும் எனக்கும் ஒற்றுமை உண்டு.

என் கணவர், "உன் இஷ்டம்" என்று சொன்னார். அவர் அகராதியில் அதற்கு 'நான் கை வைக்க மாட்டேன்' என்று பொருள். வீடு காலி செய்ய உதவுவதற்காகக் கோவில்பட்டியிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். உரக்கடை வைத்திருக்கிறவர். யார் வீட்டு வேலையாக இருந்தாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். வந்ததும் தொட்டி முன்னால் நின்று, "ஏம்மா, இதை ஒரு வாளியில ஊத்தி எடுத்துட்டுப் போனா என்ன? என்னத்துக்கு இம்புட்டுக் கஷ்டப்படுதே?" என்றார்.

அவருக்கு நான் பொறுமையாகவே விளக்கினேன். மீன்களுக்குக் கிளம்புவதற்கு முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள் கழித்து, அந்த அழுக்கிலேயே செத்துப்போகும். ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பை. பையில் தண்ணீர் கொஞ்சம், ஆக்ஸிஜன் நிறைய. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டு, மூலையில் மீன் மாட்டிக்கொள்ளாதபடி மூலைகளைச் சுருட்டிக் கட்ட வேண்டும். பவளத்தை மீனோடு வைக்கக் கூடாது. அது பயந்தால் சளி மாதிரி ஒன்றை விடும், அது மற்றவற்றுக்கு ஆகாது. எல்லாவற்றையும் தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடி இருட்டாக்கிவிட்டால் மீன்கள் அடங்கிக் கிடக்கும். வண்டியில் ஏசி ஓட வேண்டும். போய்ச் சேரும்வரை பையைத் திறக்கவே கூடாது.

"திறக்கவே கூடாது" என்பதை நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டியும் சாமான்களும் முதல் நாளே லாரியில் போய்விட்டன. மீன்களும் பவளமும் பாறைகளும் பிளாஸ்டிக் டிரம்மில் காற்று மோட்டாரோடு காத்திருந்தன. கிளம்புகிற அன்று விடியலில் நான் ஒருத்தியாக உட்கார்ந்து பை கட்டினேன். பாறைகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றினேன். பழைய தொட்டித் தண்ணீரைக் கேன்களில் நிரப்பினேன். பவளத்தைக் கையுறை போட்டுத் தூக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் கணவர், "அண்ணனுக்கு ஒரு டீ" என்றார். வெறும் வீட்டில், அடுப்பையே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்ட வீட்டில், முழங்கை வரை உப்புத் தண்ணீரோடு நின்றவளிடம். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் எழுந்து பஜார் பக்கம் போய்விட்டார்கள்.

வண்டியை நான்தான் வாடகைக்குப் பேசியிருந்தேன். டிரைவர் டவுன்ஷிப்புக்குப் பக்கத்துக் கிராமமான வளையமாதேவிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். பள்ளிக்கூட டூருக்கு ஓரிரு முறை வந்திருக்கிறார். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "மெதுவா ஓட்டணுமா டீச்சர்?" என்று கேட்டார். அன்று காலையில் இருந்து என்னிடம் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

பின்சீட்டில் மஞ்சள் மீன் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற பெட்டிகள் பக்கத்தில். விருத்தாசலம் தாண்டும்வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. வெயில் ஏறியதும் பெரியத்தான் ஆரம்பித்தார். "ஏசி குளிருது. கொஞ்சம் கண்ணாடியை இறக்கி வைப்பமே." நான் பையிலிருந்து என் சால்வையை எடுத்து நீட்டினேன். போர்த்திக்கொண்டு உம்மென்று வந்தார்.

திருச்சிக்குள் வண்டி பைபாஸை விட்டு இறங்கியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"எங்கே போறோம்?" என்றேன்.

முன்சீட்டில் இருந்த என் கணவர் திரும்பாமலே சொன்னார். "அக்கா வீட்ல சாப்பாடு சொல்லியிருக்கு. பத்து நிமிஷம். தலையைக் காட்டிட்டுப் போயிடலாம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ வேண்டாம்பே."

ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள். பல வருஷம் கூட வாழ்ந்தவர். வெயிலில் ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு எப்படிப் போகும் என்று தெரிந்தவர்.

வாசலில் வண்டி நின்றதும் நான் டிரைவரிடம் சொன்னேன். "தம்பி, இன்ஜினை நிறுத்தாதீங்க. ஏசி ஓடட்டும். யார் வந்தாலும் பெட்டியைத் தொட விடாதீங்க." நான் இறங்குவதாகவே இல்லை. ஆனால் விடியலில் கிளம்பியவள். ஆண்கள் வழியில் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்குவார்கள். பாத்ரூம் போவதற்காக மட்டும் உள்ளே போனேன்.

வெளியே வரும்போது மதினி, என் கணவரின் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. "ஒரு வாய் சாப்பிட்டாத்தான் விடுவேன். வெறும் வயித்தோட போனா எனக்கு மனசு கேக்காது" என்று தட்டு வைத்தார். வேண்டாம் மதினி, வண்டியில் உயிர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது விளங்கவில்லை. கையை உதறிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினால், ஹாலில் தரையில் உட்கார்ந்து டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, வண்டி?"

அவர் எச்சில் கையோடு பாதி எழுந்தார். "பெரிய ஐயா வண்டிய நிறுத்திட்டு வந்து சாப்புடச் சொன்னாருங்க டீச்சர். டீசல் வீணாப் போவுதுன்னாரு. தான் பாத்துக்கறேன்னாரு."

வாசலுக்கு ஓடினேன். வண்டி அமைதியாக வெயிலில் நின்றது. என் மடியில் வந்த பெட்டி போர்ட்டிகோவில் இருந்தது. மூடி தனியாகக் கிடந்தது. மதினியின் பேரன் பேத்திகள் சுற்றிக் குனிந்து நிற்க, நடுவில் பெரியத்தான் குந்தியிருந்தார். அவர் கையில் நான் இறுக்கிக் கட்டிய ரப்பர் பேண்ட் இருந்தது. பையின் வாய் திறந்திருந்தது.

"பிள்ளைக பாக்கணும்னு ஆசைப்பட்டுச்சுக. பாவம், மூச்சு முட்டுமேன்னு கொஞ்சம் காத்து விட்டேன்" என்றார். முகத்தில் நல்ல காரியம் செய்த திருப்தி.

அவர் செய்தது என்னவென்று நான் சொல்ல வேண்டும். மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சால் தண்ணீர் கொஞ்சம் புளிப்பாக மாறிவிடும். அந்தப் புளிப்பு இருக்கும்வரை, மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா அடங்கிக் கிடக்கும். வெளிக்காற்று பட்டதும் புளிப்பு இறங்கும், அடங்கியிருந்த அமோனியா விஷமாகும். மீனுக்கு மூச்சு விடட்டும் என்று அவர் திறந்துவிட்டது அந்த விஷத்தைத்தான். நான் அடைத்து வைத்திருந்த ஆக்ஸிஜனும் போய்விட்டது.

"திறக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"ஏம்மா, இப்ப என்ன ஆயிப்போச்சு? மீன்தானே. உசுரோடதானே கிடக்கு."

"உங்களைக் கேக்கறேன். சொன்னேனா, இல்லையா?"

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தன்னிடம் அந்தக் குரலில் எந்தப் பெண்பிள்ளையும் பேசியதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து புதுப் பையை எடுத்து, கேனிலிருந்த பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி, மீனை மாற்றினேன். ஊதி அடைக்க ஆக்ஸிஜன் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டாரின் குழாயைப் பைக்குள் விட்டு, வாயைத் தளர்வாகக் கட்டினேன். மஞ்சள் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் என் கணவர் வெளியே வந்தார். கையில் சோறு காயவில்லை. "இப்ப எதுக்குக் கத்தறே? இரு, மோர் ஊத்திட்டு வரேன். கிளம்பிடலாம்."

மோர். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"நீங்க மோர் ஊத்திச் சாப்பிட்டுட்டு மெதுவா உங்க அண்ணனோட பஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, வண்டியை எடுங்க."

"சாரு இன்னும் ஏறலியே டீச்சர்?"

"வண்டி பேசினது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப எடுங்க."

அவர் என் கணவரை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டும்போது என் கணவர் எச்சில் கையைத் தூக்கியபடி இரண்டு அடி ஓடி வந்தது கண்ணாடியில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் அந்த இடத்தில்தான் சிரித்தார்கள்.

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தை அணைத்துப் பையில் போட்டேன். விராலிமலை தாண்டும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். டிரைவரிடம் பேசினேனா, எனக்கு நானே பேசினேனா என்று தெரியவில்லை. ஒரு உயிரை இடம் மாற்றும்போது அதை ஒரு சாமானாகக்கூட மதிக்க மாட்டேன் என்கிறார்களே, பீரோவுக்குச் சாக்கு சுற்றத் தெரிகிறவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை, வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு வேர் என்று ஒன்று இருப்பதாவது தெரியுமா என்று என்னவெல்லாமோ.

டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க நெலத்துல ஒரு கெணறு இருந்துச்சுங்க டீச்சர். எங்கப்பா அதுல விரால் குஞ்சு வுட்டு வளத்தாரு. சாப்புட இல்ல, சும்மா. காலைல போயி பொரிய தூவிகினு நிப்பாரு. இம்மாம் பெருசு வளந்துச்சுங்க. அப்பறம் நெலம் சுரங்கத்துக்குப் போச்சு."

"மீனெல்லாம்?"

"நஷ்டஈடு குடுக்க வந்தவங்க நெலத்தப் பத்திப் பேசனாங்க, கெணத்தப் பத்திப் பேசனாங்க. மரத்தக்கூட எண்ணனாங்க. மீனப் பத்தி கேக்க எங்களுக்கே வெக்கமா இருந்துச்சு. மாமா வலை போட்டுப் புடிச்சி கொழம்பு வெச்சிடலாம்னாரு. அப்பா வேணாம்னுட்டாரு. புடிக்கவும் மனசு வல்ல, வுட்டுட்டு வரவும் மனசு வல்ல. கடைசியில வுட்டுட்டுத்தான் வந்தோம்." கியரை மாற்றிவிட்டு, "நீங்க இன்னாதான் இருந்தாலும் எடுத்துகினு வந்துட்டீங்க டீச்சர்" என்றார்.

குத்திக் காட்டினாரா, பாராட்டினாரா, எனக்குத் தெரியவில்லை. அப்பா காலத்திலிருந்து அந்தச் சுரங்கத்துச் சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன். அவரிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. என் கோபத்தை நிம்மதியாகப் படக்கூட விடமாட்டேன் என்கிறாரே என்று. துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தச் சொன்னேன். அவர் இறங்கிக் குடித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கோவில்பட்டிக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புது வீட்டில் சாமான்கள் குவிந்து கிடந்தன. டிரைவர் தண்ணீர்க் கேன்களை எல்லாம் உள்ளே தூக்கி வைத்தார். தொட்டியில் பழைய தண்ணீரை ஊற்றி, பாறைகளை அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டேன். பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். அவசரப்பட்டால் அந்தக் கடைசி நேரத்தில் செத்துப்போகும். விளக்கைப் போடவில்லை. டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா டீச்சர் பவளம்? உரிச்ச கோழி மாரி இல்ல இருக்குது."

உண்மைதான். சுருங்கி, சளி படர்ந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அன்று நான் சிரித்தது அதற்கு மட்டும்தான். சாப்பிட்டுவிட்டு வண்டியிலேயே கொஞ்சம் தூங்கிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில் என் கணவரும் பெரியத்தானும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெரியத்தான் எங்கள் வாசலில் நிற்காமல் நேரே தன் வீட்டுக்குப் போய்விட்டார். என் கணவர் உள்ளே வந்து பையை வைத்தார். "அண்ணனை அவமானப்படுத்திட்டே."

"அவர் என்ன பண்ணினார்னு பாத்தீங்களா?"

"நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் பண்ணினார்."

"நான் சொன்னதைக் கேட்டிருந்தா நல்லதுன்னு எதுவும் நினைக்க வேண்டிய வேலையே இல்லை. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருச்சிக்குள்ளேயே போயிருக்க வேண்டாம்."

அவர் குளிக்கப் போய்விட்டார்.

கோமாளி மீன்கள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. மஞ்சள் மீன் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதன் செவுள் கருகிச் சிவந்திருந்தது. தண்ணீரை மாற்றினேன், தெரிந்த மருந்தெல்லாம் பார்த்தேன். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. வந்த வாரம் தாண்டவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் நானே தோண்டிப் புதைத்தேன். பவளத்தின் ஒரு பக்கம் அழுகத் தொடங்கியதால் பிளேடால் வெட்டி எறிந்தேன். மீதி பல வாரம் மூடியே கிடந்தது. இனி இல்லை என்று நான் கைவிட்ட பிறகு ஒரு காலையில் ஓரத்தில் ஓரிரு விரல்களை நீட்டியது.

என் கணவர் வீட்டுச் சொந்தத்தில் நான் இப்போது 'மீனுக்காகப் புருஷனைத் திருச்சியில் இறக்கிவிட்டு வந்தவள்'. ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பெரியத்தானும் சேர்ந்து சிரித்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்து, பாத்ரூம் போனதிலிருந்து மோர் வரைக்கும் முழுக் கதையையும் பந்தி கேட்கச் சொன்னேன். பையைத் திறந்தது யார் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இங்கே கரண்ட் அடிக்கடி போகிறது. போன மாதம் நான் கடைத்தெருவில் இருந்தபோது என் கணவர் போன் செய்தார். "கரண்ட் இல்லை. அந்தக் காத்து மோட்டார் எந்த டப்பாவுல இருக்கு?" சொன்னேன். வீட்டுக்கு வந்தபோது தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மாற்று பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"மீனுக்குச் சாப்பாடு போடட்டுமா?" என்றார்.

"வேண்டாம். கரண்ட் இல்லாம பெரிய மோட்டார் ஓடாதப்போ போட்டா தண்ணி கெட்டுடும்."

சரி என்று தீனி டப்பாவை மூடி வைத்தார். நான் காய்ப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.